டகோடா – கெட்டது

கதவைச் சாத்திவிட்டாள். சாத்திய சத்தம்கூட எனக்குக் கேட்கவில்லை, கைப்பிடி திரும்பியதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். பீரோவைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி, சுவரெல்லாம் ஓட்டை ஓட்டையாக மெத்தை, ஒரு நாற்காலி, அதில் எழுபத்தாறு வயதுத் தணிகாசலமாகிய நான். தலையில் ஹெட்போன். கையில் ஒயர் வைத்த ஒரு பொத்தான், ஆஸ்பத்திரியில் நர்ஸைக் கூப்பிடக் கட்டிலோடு கட்டிவைத்திருப்பார்களே அந்த மாதிரி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஷபானா என்கிற பெண் ஏதோ மெஷினைத் திருகிக்கொண்டிருக்கிறாள். "சவுண்ட் எவ்ளோ சின்னதா கேட்டாலும் அமுக்குங்க அங்கிள். கேக்கலன்னா அமுக்காதீங்க, அவ்ளோதான்" என்றாள் வெளியே. அவ்வளவுதானாம். காது டாக்டர் சொன்னது வேறு: நரம்பில் கொஞ்சமாவது உயிர் இருந்தால் மெஷின் வைத்துப் பார்க்கலாம், சுத்தமாகப் போயிருந்தால் ஒன்றும் செய்வதற்கில்லை. அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, என் மகள் சாருமதியைப் பார்த்தார். எனக்குக் கேட்காது என்று நினைத்தாரோ என்னவோ. எனக்குக் கேட்டது. ஆண் குரலெல்லாம் எனக்குக் கேட்கும். கேட்காமல் போனது ஒரே ஒரு குரல், என் சட்டைப் பையில் இருக்கிற போனில், பதினோரு நிமிஷ ஒலிப்பதிவு ஒன்றில் இருக்கிறது, இருப்பதாக எல்லோரும் சொல்கிறார்கள். செத்துப்போன என் மனைவி குமுதாவின் குரல். அதற்காகத்தான் இந்தப் பெட்டிக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

ம்ம்ம் என்று ஒன்று கேட்கிறது. அமுக்கினேன். மறுபடியும், இன்னும் மெல்ல. அமுக்கினேன். இது என்ன பிரமாதம், இந்தச் சுருதி எனக்குத் தாய்ப்பால் மாதிரி, டகோடா விமானம் தூரத்தில் வரும்போது முதலில் இப்படித்தான் வரும். சத்தமாகக்கூட இருக்காது, மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் கை வைத்தால் உள்ளங்கையில் தெரியும். அதற்கு இரண்டு இன்ஜின், இரண்டும் ஒரே வேகத்தில் ஓடவே ஓடாது, நூலளவு விலகி ஓடும், அந்த விலகலில் ஒரு அலை எழும், வ்வோம், வ்வோம் என்று. பம்மலில் எங்கள் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் திரிசூலம் மலையும் மீனம்பாக்கம் ஓடுபாதையின் கோடியும் தெரியும். பள்ளிக்கூடத்தில் பெருக்கல் வாய்ப்பாடு ஏறாத எனக்கு டகோடா, வைக்கவுண்ட், கேரவல், அவ்ரோ, ஃபாக்கர் எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு தெரியும். பொதுப்பணித்துறையில் முப்பத்தாறு வருஷம் படம் வரைந்தேன், ஆபீசில் என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, 'ஏரோப்ளேன்' என்பார்கள். குமுதா வந்து மூன்று மாதத்தில் எல்லாவற்றுக்கும் வேறு பெயர் வைத்துவிட்டாள். டகோடா மாவு மிஷின். அவ்ரோ கேத்தல், அது கொதிக்கிற கேத்தல் மாதிரி விசிலடிக்கும். "கேத்தல் வந்துருச்சு, பால் வைக்கணும்" என்று எழுந்து போவாள். எனக்குக் கோபம் வரும். இங்கிலாந்தில் எத்தனை பேர் மூளையைக் கசக்கிச் செய்த இன்ஜின், இவளுக்குக் கேத்தல். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இன்னொரு பழக்கம் உண்டு, தலைக்கு மேல் விமானம் போனால் பேச்சைப் பாதியில் நிறுத்திவிடுவார்கள். சண்டையாக இருந்தாலும், கல்யாணப் பேச்சாக இருந்தாலும், வாயைத் திறந்தபடி அப்படியே நிற்பார்கள், அது போனதும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்கள். பெண் பார்க்கப் போனபோது நான் நிறுத்தினதைப் பார்த்துக் குமுதாவின் அப்பா, மாப்பிள்ளைக்குத் திக்குவாயோ என்று பயந்துவிட்டாராம். ம்ம். அமுக்கினேன். கொஞ்ச நேரமாக ஒன்றும் வரவில்லையே.

வரவில்லை. ஷபானாவின் தோள் அசைகிறது, அவள் ஏதோ செய்துகொண்டுதான் இருக்கிறாள். அப்படியென்றால் சத்தம் வந்துகொண்டிருக்கிறது, எனக்குத்தான் கேட்கவில்லை. காதைக் கூர்மையாக்கிக்கொள்கிறேன், காதை எப்படிக் கூர்மையாக்குவது, பல்லைத்தான் கடிக்க முடிகிறது. அதோ, விசில். ஈஈ என்று மெல்லிசாக, தூரத்தில். அமுக்கினேன். மறுபடி, அமுக்கினேன், அமுக்கினேன். ஹெட்போனில் அவள் குரல் வந்தது: "அங்கிள், இப்ப நான் சவுண்டே குடுக்கல. அவசரப்படாதீங்க." திருட்டு பிடிபட்ட மாதிரி ஆகிவிட்டது. நான் கேட்டது அவ்ரோ. எழுபத்தெட்டிலோ எழுபத்தொன்பதிலோ ஒரு சாயங்காலம் வந்த அவ்ரோ. மாடியில் நானும் குமுதாவும் கண்ணை மூடிக்கொண்டு பந்தயம் கட்டினோம். அவ்ரோவுக்கும் ஃபாக்கருக்கும் இன்ஜின் ஒன்றுதான், விசிலும் ஏறக்குறைய ஒன்றுதான், பிரித்துச் சொல்கிறவன் சூரன். நான் "ஃபாக்கர்" என்றேன். அவள் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "இல்லீங்க, கேத்தல்தான். ஃபாக்கருக்கு இவ்ளோ மூக்கடைப்பு இருக்காது" என்றாள். கண்ணைத் திறந்தோம், அவ்ரோ. ஃபாக்கருக்கு இறக்கை உடம்புக்கு மேலே இருக்கும், இதற்குக் கீழே இருந்தது, சந்தேகத்துக்கே இடமில்லை. மறுநாள் ஆபீசில் கதையை மாற்றிச் சொன்னேன், அவள் ஃபாக்கர் என்றாள், நான் அவ்ரோ என்றேன் என்று. அப்புறம் வீட்டுக்கு வந்த நண்பர்களிடமும் அப்படியே சொன்னேன், அவள் காபி கொடுத்தபடி பக்கத்திலேயே நின்றாள். இப்போது நினைத்தால் காது மடல் சுடுகிறது. அவளுடைய காதுதான் பெரிய காது. அதை நான் ஒரு தரம்கூட ஒத்துக்கொள்ளவில்லை.

அந்தக் காதையும் ஒரு தரம் நான் நோகடித்திருக்கிறேன். திருச்சிக்கு அவள் அக்கா வீட்டுக்கு அவ்ரோவில் போனோம், கல்யாணமான புதிது, அதற்கு முன்பே இரண்டு வருஷம் பணம் சேர்த்துப் போன பயணம். அப்போதெல்லாம் விமானம் ஏறியதும் ஒரு தட்டில் மிட்டாயும் காதில் வைத்துக்கொள்ளப் பஞ்சும் நீட்டுவார்கள், பஞ்சு சின்னக் காகித உறையில் இருக்கும், மேலே கம்பெனி முத்திரை. "பிரிக்காதே குமுதா, அப்படியே வெச்சுக்கோ" என்றேன். என்னுடையதைப் பிரித்து நான் காதில் வைத்துக்கொண்டேன், பிரித்தது ஒன்று, பிரிக்காதது ஒன்று, இரண்டும் வேண்டுமே சேகரிப்புக்கு. என்ன நியாயம் பாருங்கள். இறங்கும்போது அவள் காதைப் பொத்திக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரக் குனிந்திருந்தாள், உறை மட்டும் கசங்காமல் மடியில் இருந்தது. இரண்டு நாள் வலி, அவள் அக்கா உள்ளங்கை அளவு துணியைத் தோசைக்கல்லில் சுட வைத்து ஒத்தடம் கொடுத்தாள். அந்த உறை இன்னும் இருக்கிறது, கண்ணாடி அலமாரியில் வைக்கவுண்டின் சாம்பல் கிண்ணத்துக்குப் பக்கத்தில். மூர் மார்க்கெட்டில் வாங்கிய உயரமானியும் இருக்கிறது, டகோடாவில் இருந்தது என்று கடைக்காரன் சத்தியம் செய்தான். காற்றின் அழுத்தத்தை வைத்து உயரம் காட்டுகிற கருவி, புயல் வருகிறது என்றால் அழுத்தம் குறையும், சுவரில் மாட்டினபடியே முள் மேலே ஏறும். எனக்கு அது ஒரு சரித்திரப் பொருள். குமுதா காலையில் அதைப் பார்த்துவிட்டு, "வீடு இன்னிக்கு இருநூறு அடி மேல போயிருக்கு, வத்தல் காயப்போடக் கூடாது" என்பாள். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. அவள் போனபிறகு அதைத் துடைக்கிறேன், பார்ப்பதில்லை. எனக்குக் காயப்போட என்ன இருக்கிறது. ம்... கேட்டதா? இல்லை, அமுக்காதே. இந்தத் தடவை ஏமாற்றாதே, தணிகாசலம். உண்மையைச் சொன்னால்தான் மெஷின் சரியாக வைப்பார்கள்.

கேசட்டுகளில்தான் எல்லாம் போயிற்று. அறுபத்து நாலு கேசட். எண்பத்திரண்டில் ஒரு பானசோனிக் டேப் ரெக்கார்டர் வாங்கினேன், மைக் தனியாக, ஒயரோடு. அதிலிருந்து வீட்டில் ஒரு சட்டம் வந்தது, நான் மாடிக்கு மைக்கை எடுத்துக்கொண்டு போனால் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. மிக்ஸி கூடாது, ரேடியோ கூடாது, குழாயைத் திறக்கக் கூடாது. பக்கத்து வீட்டு நாய்க்கு மட்டும் சட்டம் தெரியாது. மனிதக் குரல் விழுந்த பதிவையெல்லாம் அழித்து அதன் மேலேயே மறுபடி பதிவு செய்தேன். எனக்கு அதில் ஒரு பெருமை, என் பதிவுகளில் விமானம் மட்டும் இருக்கும், சுத்தமாக இருக்கும். மூன்று வருஷத்துக்கு முன் குமுதா போனாள், நாற்பது நாள் கழித்து ஒரு மத்தியானம் அவள் குரலைக் கேட்கவேண்டும் போலிருந்தது. அவளுக்குப் போட்டோ பிடிக்காது, வீடியோவில் முகத்தைத் திருப்பிக்கொள்வாள், செல்போனை எடுத்தாலே பேச்சு நின்றுவிடும். அறுபத்து நாலையும் எடுத்துக் கீழே பரப்பினேன். நாலு நாள் கேட்டேன். கேரவல், போயிங், புஷ்பக், மழை, அந்த நாய். முப்பது வருஷம் என்னோடு அந்த மாடியில் நின்றவள் ஒரு கேசட்டிலும் இல்லை. நானே தேய்த்து அழித்திருக்கிறேன். தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டேன், வெட்கமில்லாமல் அழுதேன். ஒன்று மட்டும் மிச்சம் இருந்தது. அட்டையில் என் கையெழுத்தில், 'டகோடா – கெட்டது' என்று. எண்பத்தாறு மார்ச்சில், நிலத்தைப் படம் பிடித்து அளக்கிற ஏதோ கம்பெனியின் டகோடா ஒன்று மீனம்பாக்கத்துக்கு வந்தது. டகோடாவெல்லாம் போய் வருஷக்கணக்கான காலம். லீவு போட்டு மூன்று நாள் காத்திருந்து பிடித்தேன். ஆனால் அது ஓடுபாதைக் கோடியில் நின்று இன்ஜினை முறுக்குகிற அருமையான நேரத்தில் பின்னால் குமுதா பேசினாள். கெட்டுவிட்டது. அழிக்க மனம் வரவில்லை, ஏனென்றால் அது டகோடா. அவளுக்காக வைத்திருக்கவில்லை, டகோடாவுக்காக வைத்திருந்தேன். அதைச் சொல்லிவிடுகிறேன்.

என்ன பேசினாள் என்று ஞாபகம் இருப்பதாகத்தான் இத்தனை நாள் நினைத்திருந்தேன், தோசை ஆறுகிறது, சாப்பிட வாங்க என்று. அந்த ஒரு வாக்கியம் போதும், தோசை ஆறட்டும், அவள் சொல்லட்டும். போட்டேன். இன்ஜின் முறுக்கியது, வ்வோம் வ்வோம், அப்புறம் என் குரல், இடி மாதிரி, "குமுதா! வாயை மூடித் தொலையேன், எல்லாம் கெட்டுது!" அப்புறம் டகோடா. அவள் இல்லை. திரும்பத் திரும்பப் போட்டேன். என் திட்டு இருக்கிறது, திட்டு வாங்கினவள் இல்லை. நாடா பூஞ்சை பிடித்துவிட்டது என்று நினைத்தேன், ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன், டேப் ரெக்கார்டரைக் குறை சொன்னேன், அதைச் செய்தவனைக் குறை சொன்னேன். போன மாதம் ரிச்சி தெருவில் கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தருகிற ஒருவரிடம் எடுத்துப் போனேன். "ஒரு பொம்பளைக் குரல் இருந்துச்சு, அழிஞ்சுபோச்சு, மீட்க முடியுமா" என்றேன். அவர் கேட்டுவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அழியலையே சார். அம்மா பேசுறது சுத்தமா இருக்கே" என்றார். கடையில் நாலு பேர் நின்றார்கள், என்ன பேசுகிறாள் என்று கேட்கக் கூச்சமாக இருந்தது. என் பெண்டாட்டி என்ன சொன்னாள் என்று ஊரான் எனக்குச் சொல்லவேண்டுமா. அவர் என் போனில் ஏற்றித் தந்ததை ஓசூரிலிருந்து வந்த சாருமதியிடம் கொடுத்தேன். கேட்டாள். முகவாயைத் தேய்த்துக்கொண்டாள், கோபம் வந்தால் அங்கே இருக்கிற பழைய தழும்பைத் தேய்ப்பாள், சின்ன வயதிலிருந்தே அப்படி. "என்னம்மா சொல்றா?" என்றேன். "நீங்களே கேளுங்கப்பா. நான் சொல்ல மாட்டேன்" என்றாள். மறுநாளே இந்த இடத்துக்கு டைம் வாங்கிவிட்டாள்.

கதவு திறந்தது. முடிந்துவிட்டதா என்று எழுந்தேன். இல்லை, இன்னொன்று இருக்கிறதாம், ஷபானா வார்த்தை சொல்வாளாம், நான் திருப்பிச் சொல்லவேண்டுமாம். மறுபடி கதவு, மறுபடி மெத்தைச் சுவர். ஒரு அட்டையால் வாயை மறைத்துக்கொண்டாள், உதட்டைப் பார்த்துச் சொல்லிவிடுவேனாம். கெட்டிக்காரி. உண்மையில் நான் மூன்று வருஷமாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். மரம், என்றேன். வீடு, என்றேன். பாட்டு. அது காற்றா, பாத்திரமா, ஏதோ 'ஆ' வந்தது, காது என்றேன். அவள் எழுதிக்கொண்டாள். தப்பு போலிருக்கிறது. அடுத்தது ஒரு இடைவெளி, வார்த்தையின் எலும்பெல்லாம் உருவிவிட்டு வெறும் சதையை அனுப்பினாற்போல ஒரு 'இ... ஐ'. கிளை? சிலை? கிழமை? கண்ணாடிக்கு அப்பால் சாருமதி உட்கார்ந்திருந்தாள், முகவாயைத் தேய்க்கவில்லை, கையைக் கோத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு நாற்பத்திரண்டு வயது என்பதை அப்போதுதான் கவனித்தேன். தெரியல, என்றேன். அடுத்ததற்கும் தெரியல என்றேன். நாலு தடவை சொன்னதும் குரல் உடைந்தது.

ஷபானா ஒரு காகிதத்தைக் காட்டினாள். ஒரு கோடு, இடது பக்கம் உயரத்தில் சமமாகப் போய், நடுவில் சட்டென்று மூக்கைக் கவிழ்த்து வலது பக்கம் அடிவரை விழுகிறது. விமானம் இப்படி இறங்கினால் யாரும் பிழைக்க மாட்டார்கள். "லோ சவுண்டெல்லாம் சூப்பரா கேக்குது அங்கிள். ஹை பிட்ச்தான் விழுந்துருக்கு. லேடீஸ் வாய்ஸ், குழந்தைங்க, ரகசியமா பேசுறது, 'ஸ', 'ஷ' இதெல்லாம் இந்தப் பக்கம்தான் இருக்கும்" என்று விரலால் காட்டினாள். எனக்கு விளங்கிவிட்டது. என் காது டகோடாவை எனக்கு வைத்துவிட்டுக் குமுதாவை எடுத்துக்கொண்டு போயிருக்கிறது. அழிப்பதற்கு எனக்குச் சொல்லியா தரவேண்டும், அறுபத்து நாலு கேசட் பழக்கம். "நரம்பு?" என்றேன். "கொஞ்சம் இருக்கு. ட்ரையல் போட்டுப் பாக்கலாம்" என்றாள். மொச்சைக் கொட்டை அளவு ஒன்றைக் காதுக்குப் பின்னால் செருகி, மெல்லிய குழாயை உள்ளே விட்டு, கம்ப்யூட்டரில் எதையோ தட்டினாள். உடனே எங்கும் சரசரவென்று ஆயிற்று. காகிதம், அவள் வளையல், பக்கத்து அறையில் யாரோ செருப்பைத் தேய்த்து நடப்பது. தலைக்கு மேல் மின்விசிறிக்கு ஒரு கிரீச் இருக்கிறது. சாருமதி மூக்கை உறிஞ்சினாள், அதுவும் கேட்டது. "உங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச சவுண்ட் ஏதாச்சும் இருந்தா போட்டுப் பாருங்க அங்கிள்" என்றாள் ஷபானா. அவளுக்கு ஒன்றும் தெரியாது. போனை எடுத்தேன், விரல் வழுக்கியது, சாருமதி வாங்கி அந்த இடத்தைத் தேடி வைத்தாள். அவளுக்கு நிமிஷமும் நொடியும் மனப்பாடம்.

வ்வோம், வ்வோம். டகோடா கோடியில் நின்று முறுக்குகிறது. அதற்குள், அதற்குப் பின்னால், விக்கல் மாதிரி ஒன்று. குழந்தை. ஒரு குழந்தை மூச்சை அடக்கி அடக்கி அழுகிறது. தோசை இல்லை, சாப்பாடு இல்லை, என்னைக் கூப்பிடவே இல்லை. குமுதா ரகசியமாகப் பேசுகிறாள், நல்ல தெளிவாக, காதுக்குள் வாயை வைத்தாற்போல: "ஷ்ஷ்... ஷ்ஷ்... அழாத கண்ணு. அப்பா மாவு மிஷினப் புடிக்கிறாரு. ரத்தம் நின்னுடும், அம்மா அமுக்கிப் புடிச்சிருக்கேன் பாரு. அது போயிடட்டும். அது போனப்புறம் அழு, என்ன?" குழந்தை "ம்" என்றது. அதன்மேல் நான் விழுந்தேன், "வாயை மூடித் தொலையேன்!" என்று, இந்த மெஷினில் இன்னும் கொடூரமாக. நான் திரும்பிப் பார்க்கவில்லை அன்றைக்கு. டகோடா புள்ளியாகிற வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன், அப்புறம் நோட்டில் நேரமும் காற்றின் திசையும் வாலில் இருந்த எழுத்தும் குறித்தேன். அன்றைய பக்கத்தை இப்போதும் ஒப்பிப்பேன், அதில் குழந்தை இல்லை. கீழே இறங்கியபோது வீட்டில் யாரும் இல்லை. ராத்திரி சாருமதியின் முகவாயில் கட்டு இருந்தது, படியில விழுந்துட்டா என்றாள் குமுதா. எப்போது என்று நான் கேட்கவில்லை.

"அன்னிக்கா இது?" என்றேன், தழும்பைத் தொடப் போய்க் கையை நிறுத்திக்கொண்டு. "மூணு தையல்பா" என்றாள் சாருமதி. "அம்மா என்னத் தூக்கிட்டு டாக்டர் வீட்டுக்கு நடந்தே போனா. அப்புறம்..." என்று தொடங்கினவள் நிறுத்திவிட்டாள். தலைக்கு மேல் ஒன்று போயிற்று, பெரியது, ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மூன்று பேரும் அப்படியே இருந்தோம், ஷபானாவும்கூட, அவளும் இந்தப் பக்கத்துப் பெண்தான் போலிருக்கிறது. என்ன விமானம் என்று நான் கேட்கவில்லை. மூச்சை அடக்கி அடக்கி உட்கார்ந்திருந்தேன். சத்தம் தேய்ந்து, மெலிந்து, அந்த மெஷினுக்கும் எட்டாமல் போயிற்று. "போயிடுச்சுப்பா" என்றாள் சாருமதி. அது போனபிறகு அழுதேன்.